ஈரத்துணி, ஓதம், கருப்புப் பூசணம்: ஈஸ்ட் ஹாம் வீட்ல ரெண்டு குளிர்காலம்

2022 மார்கழி மொத நாள், கோயிலுக்குக் கட்டிட்டுப் போலாம்னு என் கல்யாணப் பட்டுப் புடவைய எடுக்க அலமாரியத் திறந்தேன். மடிப்பு ஓரமெல்லாம் விபூதி தூவின மாதிரி வெள்ளையா இருந்துச்சு, தொட்டா விரல்ல மாவு மாதிரி ஒட்டுது, ஒரு மக்கின வாடை வேற. அம்மா பின்னாடியே வந்து பாத்துட்டு "பூசணம் பூத்திருக்குடி"ன்னாங்க. அலமாரிய ரெண்டு பேருமா இழுத்து நகத்துனோம். பின்னாடி செவுரு இடுப்பு உயரத்துக்கு மை தெளிச்ச மாதிரி கருப்பு கருப்பா புள்ளி, கீழ மூலைல புள்ளியெல்லாம் ஒண்ணா சேந்து பட்டையாவே ஆயிருந்துச்சு. அந்த செவுத்துலேருந்து மூணடி தள்ளித்தான் எங்க பையன் கட்டில். அவனுக்கு அப்ப மூணு வயசு, நவம்பர்லேருந்து ராத்திரி ராத்திரி இருமிட்டே இருந்தான், நான் நர்சு, நானே அத நர்சரில ஒட்டிக்கிட்டு வந்த சளின்னு நெனச்சு விட்டுட்டேன். அன்னைக்கு கோயிலுக்குப் போகல.

எங்க வீடு லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல, ஹை ஸ்ட்ரீட் நார்த்துலேருந்து அஞ்சு நிமிஷ நடை, வரிசையா ஒட்டி ஒட்டி கட்டின பழைய காலத்து செங்கல் வீட்டோட மாடி போர்ஷன். நூறு வருஷத்துக்கு மேல ஆன வீடு. இந்த மாதிரி வீடுகள்ல வெளிச்செவுரு முழுக்க ஒரே செங்கல் கட்டு, பின்னாடி வந்த வீடுகள்ல ரெண்டு செவுருக்கு நடுவுல சந்து விட்டு கட்டுவாங்களே அந்த சந்து இதுல கெடையாது, அதனால வெளிய குளிர்னா செவுத்தோட உள்பக்கமும் ஜில்லுன்னு ஆயிடும். மொட்டை மாடி இல்ல, பால்கனி இல்ல, கீழ தோட்டம் கீழ் வீட்டுக்காரங்களுக்கு. அப்புறம் துணி எங்க காயும், ரூமுக்குள்ளதான். டிசம்பர்ல சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் இருட்டிடுது, வெளிய கொடி கட்ட எடம் இருந்திருந்தாலும் காஞ்சிருக்காது.

எங்க நாலு பேர் துணி எவ்வளவுன்னா வாரத்துக்கு அஞ்சு லோடு. என் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் தனியா 60 டிகிரில போடணும், வீட்டுக்காரர் ஆபீஸ் சட்டை, பையன் துணி, படுக்கை விரிப்பு, அதோட அக்டோபர்ல ஆறு மாச விசால வந்த அம்மா. மயிலாடுதுறைல தினமும் குளிச்சு தினமும் புடவை மாத்தி பழக்கம், அத இங்க வந்து மாத்திக்கோன்னு நான் எப்படி சொல்லுவேன்? ஸ்டாண்டுல பாதி, ரூம சூடு பண்ண செவுத்துல மாட்டிருக்கிற ரேடியேட்டர் மேல பாதி, கதவு மேல புடவைன்னு போட்டுட்டு வேலைக்குப் போயிடுவோம். அதுலயும் அந்த வருஷம் கரண்டு யூனிட் 34 பென்ஸ், கேஸும் அதே மாதிரி ஏறிப் போச்சு, பில்லுக்குப் பயந்து ஹீட்டிங் ஹால்ல மட்டும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம். பெட்ரூம் ரேடியேட்டர அணைச்சே வெச்சுட்டு, யாரும் பகல்ல இருக்கிறதில்லையேன்னு துணி ஸ்டாண்ட அங்கதான் வெச்சோம். நாங்க பண்ணதுல பெரிய தப்பு அதுதான். ஹால்ல சமைச்ச ஆவி, குளிச்ச ஆவி, துணி ஈரம் எல்லாம் காத்தோட காத்தா போயி எந்த ரூம் ஜில்லுன்னு இருக்கோ அங்க போய் செவுத்துல படியும். குடிக்க வெச்ச ஐஸ் தண்ணி டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே கதைதான், எங்க பெட்ரூம் செவுரு தினமும் ராத்திரி வேர்த்துட்டு இருந்திருக்கு. அலமாரிய வேற செவுத்தோட ஒட்டி வெச்சதால அங்க காத்தே போகல.

அம்மா மொதல்ல பண்ணது சாம்பிராணி போட்டது. ஊர்ல ஐப்பசி கார்த்திகை அடைமழைல அதத்தான பண்ணுவோம். வீட்ல ஸ்மோக் அலாரம் அடிச்சதுதான் மிச்சம், வாடை ரெண்டு மணி நேரம் மறைஞ்சு திரும்ப வந்துடுச்சு. அலமாரில அந்துருண்டை போட்டிருந்தேன், அது பூச்சிக்குத்தான், பூசணத்த அது ஒண்ணும் பண்ணாது.

வீட்டு ஏஜெண்டுக்கு போட்டோ அனுப்பினேன். ரெண்டே வரில பதில் வந்துச்சு, துணிய உள்ள காயப்போடாதீங்க, சமைக்கும்போது ஜன்னலத் திறங்க, இது உங்க வாழ்க்கை முறையால வர்றதுன்னு. படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நீங்க சாப்பிடுற சாப்பாடு, நீங்க குளிக்கிற விதம், நீங்க இருக்கிற இருப்புதான் காரணம்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், நவம்பர் நடுவுல, ராச்டேல் ஊர்ல அவாப் இஷாக்னு ஒரு கொழந்தை விஷயம் எல்லா செய்திலயும் வந்துச்சு. ரெண்டு வயசு முடிஞ்சு சில நாள்ல, 2020 டிசம்பர்ல, இறந்து போன கொழந்தை. பூசணம் புடிச்ச வீட்ல ரொம்ப நாள் இருந்ததால மூச்சுக் கோளாறு வந்துதான் இறந்துச்சுன்னு விசாரணைல தீர்ப்பு சொன்னாங்க. அவங்க அப்பா 2017லேயே புகார் பண்ணிருக்காரு, மேல பெயிண்ட் அடிங்கன்னு சொல்லி அனுப்பிருக்காங்க. எங்க ஆஸ்பத்திரி வார்டுல எல்லாரும் அதப் பத்தியே பேசுனோம். அந்தச் செய்தியப் படிச்சுட்டு வீட்டுக்கு வந்து அதே ரூம்ல என் பையனத் தூங்க வெச்சிருக்கேன்னு நெனச்சா இப்பவும் நெஞ்ச அடைக்குது.

சரி, ஏஜெண்ட் சொன்னதுல எவ்வளவு நிஜம், எவ்வளவு பொய்னு நாமளே பாத்துடுவோம்னு உக்காந்தோம். நம்ம ஆளுங்க எல்லார் வீட்லயும் ஊருக்குப் போகும்போது பெட்டிய தூக்கி 23 கிலோ பாக்குற கொக்கி தராசு ஒண்ணு இருக்கும்ல, வீட்டுக்காரர் அத எடுத்துட்டு வந்தாரு. ஒரு பைல ஒரு லோடு காஞ்ச துணிய போட்டு நிறுத்தோம், 4.1 கிலோ. துவைச்சு எடுத்து நிறுத்தா 7 கிலோ. அதாவது ஒரு லோடுல கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணி. அஞ்சு லோடுக்கு 14, 15 லிட்டர். அம்மாகிட்ட சொன்னேன், அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "ஒரு குடம் தண்ணிய வாரா வாரம் ரூமுக்குள்ள ஊத்துனா செவுரு என்னடி பண்ணும்"னாங்க. துணி காஞ்சுடுச்சுன்னு நாம சந்தோஷப்படுறோம், அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு யோசிக்கிறதே இல்ல.

அடுத்த லோடு ஸ்பின்ன பாத்தோம். கடைசில துணிய சுத்திப் பிழியற வேகம் அது, மெஷின்ல நிமிஷத்துக்கு 800 சுத்துலயே கெடந்திருக்கு, யாரு வெச்சாங்களோ தெரியல. 1400ல வெச்சு ஓட்டி நிறுத்தா 6.2 கிலோ. வெறும் ஸ்பின்ன மாத்தினதுல ஒரு லோடுக்கு முக்கால் லிட்டருக்கு மேல, ஒரு பெரிய சொம்பு தண்ணி, டிரெயின் பைப்லயே போயிடுச்சு. ஜீன்ஸ், துண்டு, பெட்ஷீட்டுக்கு ரெண்டாவது தடவ வெறும் ஸ்பின் மட்டும் போடுவேன், அதுக்கு ஆகுற கரண்டு ஒண்ணுமே இல்ல. புடவை, உல்லன் இதெல்லாம் மட்டும் கொறச்சு வெப்பேன். காசே செலவில்லாம ஒரே நாள்ல பண்ணக்கூடியது இது, இந்தப் பிரச்சனை இருக்கிற எல்லார்கிட்டயும் நான் மொதல்ல சொல்றது இதத்தான்.

அடுத்தது ஜன்னல். இங்கதான் நம்ம ஊர் புத்தி நம்மள ஏமாத்துது. மழைன்னா ஜன்னலச் சாத்து, ஈரக்காத்து உள்ள வரும்னுதான் நமக்கெல்லாம் சின்ன வயசுலேருந்து பழக்கம். ஊர்ல அது சரிதான். மயிலாடுதுறைல நவம்பர் மழைல காத்து 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்கோங்க, ஒரு கன மீட்டர் காத்துல 20 கிராம் தண்ணி ஆவியா இருக்கும். ஆனா லண்டன்ல டிசம்பர் மழைல வெளிய 5 டிகிரி, அதே 90 சதவீதம்னாலும் அந்தக் காத்துல 6 கிராம் தண்ணிதான் இருக்கும், ஏன்னா குளிர்ந்த காத்தால தண்ணிய தாங்க முடியாது. வீட்டுக்குள்ள 20 டிகிரில 75 சதவீதம்னா 13 கிராம். அப்ப நம்ம வீட்டுக் காத்துல இருக்கிற தண்ணில பாதி கூட வெளிய கொட்டுற மழைக் காத்துல இல்ல! அது உள்ள வந்து சூடாச்சுன்னா ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு எறங்கிடும். இது எனக்குப் புரிஞ்ச அன்னைக்கு அப்படியே ஒக்காந்துட்டேன். மூணு மாசமா மழை மழைன்னு சாத்தி சாத்தி வெச்சு நாங்களே ஈரத்த உள்ள பூட்டி வெச்சிருந்தோம்.

அம்மா ஒத்துக்கவே இல்ல. "சாரல் அடிக்குது, கொழந்தைக்கு சளி புடிக்கும், சாத்துடி"ன்னு ஒரே பிடி. 12 பவுண்டுக்கு ஈரப்பதம் காட்டுற குட்டி மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து பெட்ரூம்ல வெச்சேன். காலைல 7.40க்கு 78 காட்டுச்சு. பையன ஹால்ல ஒக்கார வெச்சுட்டு பெட்ரூம் ஜன்னலையும் எதிர்ல பாத்ரூம் ஜன்னலையும் முழுசா தொறந்து விட்டேன், வெளிய நல்ல மழை, பத்து நிமிஷம். அம்மா ஸ்வெட்டர் போட்டுட்டு மீட்டர் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தாங்க. 78, 71, 64, பத்தாவது நிமிஷம் 52. மூடினோம். அரை மணி நேரத்துல 58ல நின்னுச்சு. ரூம் 18லேருந்து 16க்கு எறங்குச்சு, ஆனா செவுரு, கட்டில் எல்லாம் அந்த சூட்ட வெச்சிருக்கும்ல, சீக்கிரமே திரும்ப ஏறிடுச்சு. அதுக்கப்புறம் தினமும் காலைலயும் சாயங்காலமும் ஜன்னல் திறக்கிற பொறுப்ப அம்மாவே எடுத்துக்கிட்டாங்க, யாராவது மறந்தா "மீட்டர் பாத்தியா"ன்னு கேப்பாங்க. நாள் பூரா ஒரு கீத்து திறந்து வெச்சா செவுருதான் ஜில்லுன்னு ஆகும், பத்து நிமிஷம் முழுசா திறந்து மூடுறதுதான் சரி. மீட்டர்ல 60க்கு கீழ இருந்தா நிம்மதி. செவுத்துக்கிட்ட 80 சதவீதத்துக்கு மேல நாள்கணக்குல நின்னாத்தான் பூசணம் வளரும், ஆனா ரூம் நடுவுல 65 காட்டும்போது ஜில்லுன்னு இருக்கிற மூலைல 80 தாண்டிருக்கும், அதான் 60ன்னு கணக்கு.

இன்னொன்னு, ஊர்லேருந்து ஐப்பசி மாசத்துல இதப் படிக்கிறவங்க தயவுசெஞ்சு இதச் செய்யாதீங்க. அங்க வெளிக் காத்தே ஈரம், மழை நேரத்துல திறந்தா உள்ளதான் ஏறும். அங்க ஃபேன், ஏசி இருந்தா அதுல டிரை மோடு, வெயில் அடிக்கிற அந்த ரெண்டு மணி நேரம், இதுதான் வழி.

துணிய எங்க போடுறதுன்னு மாத்துனோம். பெட்ரூம், ஹால் ரெண்டுலயும் இனிமே கூடாது. மூலைல பெட்டிங்க அடைஞ்சு கெடந்த சின்ன ரூம காலி பண்ணி அதத் துணி ரூமா ஆக்கினோம். கதவு சாத்தியே இருக்கணும், அதுதான் முக்கியம், இல்லன்னா ஈரம் வீடு பூரா சுத்தும். ரேடியேட்டர் மேல நேரா போடுறத நிறுத்திட்டோம், துணியும் மொறமொறன்னு ஆகுது, சூடும் ரூமுக்கு வராது. ஸ்டாண்டுல ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி போடணும், சட்டை எல்லாம் ஹேங்கர்ல. இங்க வீடுகள்ல சீலிங் ஃபேன் கெடையாது, அதனால ஒரு ஸ்டாண்டு ஃபேன் வாங்கி துணியப் பாத்து ஓட விட்டோம், ஒண்ணரை நாள் காஞ்ச துணி ராத்திரியோட காய ஆரம்பிச்சுச்சு. துணி சீக்கிரம் காஞ்சா அந்த புளிச்ச வாடையும் வராது, அது ரொம்ப நேரம் ஈரமா கெடக்கிறதால பாக்டீரியா வளர்ந்து வர்ற வாடை, எவ்வளவு கம்ஃபர்ட் ஊத்துனாலும் போகாது, துண்ட 60 டிகிரில ஒரு தடவ போட்டாத்தான் போகும்.

ஈரம் உறிஞ்சுற மெஷின், டீஹ்யூமிடிஃபையர், இதுல மொதல்ல காச விட்டோம். சத்தமே போடாத குட்டி மெஷின் 40 பவுண்டுன்னு வாங்கினோம், ராத்திரி பூரா ஓடி காலைல டேங்க்ல அரை டம்ளர் தண்ணி. கம்ப்ரஸர் இல்லாத அந்த குட்டி டைப் துணி காய வைக்கவெல்லாம் பத்தாது. அப்புறம் செகண்ட் ஹேண்டுல 70 பவுண்டுக்கு, ஒரு நாளைக்கு 12 லிட்டர் வரைக்கும் உறிஞ்சும்னு சொல்ற கம்ப்ரஸர் மெஷின் வாங்கினோம், ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு உறுமல் சத்தம் இருக்கும். மொத நாள் ராத்திரி கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி துணி ரூம்ல ஓட விட்டு காலைல டேங்க இழுத்தா தளும்பத் தளும்ப ரெண்டு லிட்டருக்கு மேல தண்ணி. அம்மா அத பாத்ரூம்ல ஊத்தும்போது "இத்தனை நாளா இதெல்லாம் அந்த செவுத்துக்குள்ளயாடி போச்சு"ன்னு கேட்டாங்க. 180 வாட்ஸ்தான் இழுக்கும், அன்னைக்கு ரேட்ல மணிக்கு 6 பென்ஸ், ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு அரை பவுண்டு. சாதாரண டிரையர்னா ஒரு லோடுக்கு ஒண்ணரை பவுண்டு ஆயிருக்கும். மெஷின் ஓடும்போது ஜன்னலத் திறக்காதீங்க, வெளிக் காத்தையும் சேத்து காய வெச்சுட்டு இருக்கும். ரூம் ரொம்ப ஜில்லுன்னு இருந்தா, 15 டிகிரிக்கு கீழ, கம்ப்ரஸர் டைப் மந்தமாயிடும், அதனால அந்த ரூம் ரேடியேட்டர கொஞ்சம் வெச்சுக்கணும். பெட்ரூம்லயும் அணைக்கிறத விட்டுட்டு 17, 18லயே நிலையா வெச்சோம், பில் கொஞ்சம் ஏறுச்சு, மறைக்கல, ஆனா பையன் இருமல் முன்னாடி ஏறுன மாதிரி ஏறல.

பூசணத்த சுத்தம் பண்றது பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். காஞ்ச பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, பொடியெல்லாம் காத்துல பறந்து நெஞ்சுக்குள்ள போகும். கொழந்தையையும் அம்மாவையும் பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு, பொடி உள்ள போகாத எஃப்எஃப்பி2 மாஸ்க், கிளவுஸ், கண்ணாடி போட்டுட்டு, ஜன்னலத் திறந்து வெச்சு, ரூம் கதவ சாத்தி, மோல்டு ஸ்ப்ரே அடிச்சு பாட்டில்ல போட்ட நேரம் விட்டு, ஈரத்துணியால ஒரே பக்கமா துடைச்சு, அந்தத் துணிய அப்படியே பைல கட்டி குப்பைல போட்டேன். அந்த ஸ்ப்ரே பெரும்பாலும் ப்ளீச்தான். ப்ளீச்சோட வினிகரோ, டாய்லெட் கழுவுற ஆசிடோ, அமோனியா இருக்கிற எதுவுமோ சேரவே கூடாது, விஷ வாயு வரும், அப்படி மூச்சுத் திணறி வந்தவங்கள நான் ஆஸ்பத்திரில பாத்திருக்கேன். ஒண்ணு போட்டா அது மட்டும்தான். இருமல், ஆஸ்துமா இருக்கிறவங்க இந்த வேலையவே செய்ய வேண்டாம், வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க. முழுசா காயாம மேல பெயிண்ட் அடிச்சா ஒரு மாசத்துல அந்த பெயிண்ட் மேலயே வரும். அலமாரிய திரும்ப வெச்சப்ப உள்செவுத்துக்கு மாத்தி, ஒரு சாண் இடைவெளி விட்டு வெச்சோம்.

பட்டுக்கு இந்த ஸ்ப்ரே, ப்ளீச் எதுவும் கிட்டயே போகக்கூடாது, இழையே அரிச்சுப் போயிடும். மழை இல்லாத ஒரு நாள் பாத்து கீழ் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு அவங்க தோட்டத்துல நிழல்ல விரிச்சு, மூஞ்சில துணி கட்டிட்டு மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால அம்மா ஒவ்வொரு மடிப்பா தட்டி எடுத்தாங்க, அப்புறம் டிரை கிளீனிங். புடவை பொழச்சுது, முந்தானை ஜரிகைல ஒரு எடத்துல மட்டும் கருத்தது போகல. பிளாஸ்டிக் கவர்ல வெச்சதுதான் தப்பு, ஈரம் உள்ளயே நின்னுடும். இப்ப அப்பாவோட பழைய வேட்டில சுத்தி வெச்சிருக்கேன், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பிரிச்சு மடிப்ப மாத்தி வைப்பேன்.

இவ்வளவும் பண்ணி பிப்ரவரில பெட்ரூம் சுத்தமாயிடுச்சு, மீட்டர் 55, 58ன்னு நிக்குது. ஆனா சின்ன ரூம்ல மேல, சீலிங்குக்குக் கீழ ஒரு பழுப்புத் திட்டு மட்டும் பெருசாயிட்டே போச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இது துணி ஈரம் இல்ல. பென்சிலால திட்டு ஓரத்த சுத்தி கோடு போட்டு தேதி எழுதி வெச்சேன். துணி நெறைய காயப்போட்ட வாரம் அது நகரவே இல்ல, மழை கொட்டுன வாரம் கோட்டத் தாண்டி ரெண்டு விரக்கடை போயிருந்துச்சு. அலுமினிய ஃபாயில் பேப்பர் ஒரு அடி சதுரம் வெட்டி திட்டு மேல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சோம். ரூம் பக்கம் காஞ்சு இருந்துச்சு, செவுத்துப் பக்கம் முத்து முத்தா தண்ணி. ரூம் பக்கம் வேர்த்தா நம்ம வீட்டு ஆவி, செவுத்துப் பக்கம் வேர்த்தா செவுரே ஊறிருக்குன்னு அர்த்தம். தரைலேருந்து ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் உப்புக் கோடு மாதிரி ஏறினா அது மண்ணுலேருந்து வர்ற ஓதம், இப்படி உச்சில திட்டு வந்தா பெரும்பாலும் கூரையோ மழைத்தண்ணி பைப்போ.

பென்சில் கோடு போட்டோ தேதியோட, தினசரி மீட்டர் அளவு, ஃபாயில் போட்டோ எல்லாத்தையும் வெச்சு ஏஜெண்டுக்கு மெயில் போட்டேன், போன்ல பேசறத நிறுத்திட்டேன், எதுவா இருந்தாலும் எழுத்துலதான். வாடகை வீடு மனுஷங்க வாழத் தகுந்ததா இருக்கணும்னு 2018ல சட்டமே போட்டிருக்காங்க, 2019 மார்ச்லேருந்து நடைமுறைல இருக்கு, ஓதமும் அதுல வரும், அதையும் எழுதினேன். இங்க வீட்டுப் புகார்கள விசாரிக்கிற வீட்டு வசதி ஆம்பட்ஸ்மன் 2021லயே ஓதத்தப் பத்தி போட்ட அறிக்கைக்குத் தலைப்பே "இது வாழ்க்கை முறை இல்ல"ங்கிற அர்த்தத்துலதான் இருக்கு, எங்க ஏஜெண்ட் எழுதின அதே வார்த்தை. மூணு வாரம் பதில் இல்ல. நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி இங்க இருக்கிற கவுன்சில்ல புகார் கொடுத்தோம், ஓனர் வீட்ட காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு என் வீட்டுக்காரருக்கு பயம், எனக்கும்தான். கவுன்சில்லேருந்து ஆள் வந்து பாத்தாங்க. கூரை ஓரத்து மழைத்தண்ணி கால்வாய்ல இலை அடைச்சு ஒரு மூட்டு பிளந்து, ரொம்ப நாளா தண்ணி நேரா எங்க செவுத்துல வழிஞ்சிட்டு இருந்திருக்கு. ஏப்ரல்ல சரி பண்ணாங்க, பாத்ரூம்ல ஓடாம கெடந்த எக்ஸாஸ்ட் ஃபேனையும் மாத்திக் கொடுத்தாங்க. அந்தக் கொழந்தை பேர்ல வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27லேருந்து இங்கிலாந்துல கவுன்சில் வாடகைக்கு விடுற வீடு, ஹவுசிங் அசோசியேஷன்ங்கிற லாப நோக்கமில்லாத அமைப்புகள் விடுற வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கு, புகார் வந்தா இத்தனை நாளைக்குள்ள வந்து பாக்கணும், சரி பண்ணணும்னு. அந்த வீடுகள்ல இருக்கிறவங்க மாசக்கணக்குல காத்திருக்காதீங்க, கேளுங்க.

ஊறின செவுரு காய ரொம்ப மாசம் ஆகும், அவசரப்பட்டு பெயிண்ட் அடிக்க விடாதீங்க. நான் விடல. அடுத்த குளிர்காலம் முழுக்க அந்தப் பென்சில் கோட்டப் பாத்துட்டே இருந்தேன். அம்மா ஊர்லேருந்து வீடியோ கால்ல வரும்போதெல்லாம் மொதல்ல பேரன் இருமுறானான்னு கேப்பாங்க, அப்புறம் "அந்த ரூமுக்குப் போ, செவுத்தக் காட்டு"ம்பாங்க. போனத் திருப்பிக் காட்டுவேன். 2023 மார்ச் 14னு எழுதின கோடுதான் இன்னும் கடைசிக் கோடு.